மாலை ஆறு மணிக்கு மட்டும் 429: ஏபிஐ வரம்பை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வேலந்தாவளம்காரன் · திங்கள், இரவு 9.40

வணக்கம். லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கு ஒரு ஆப் செய்து கொடுத்திருக்கிறேன். மொத்தம் 11 ஆபீஸ். கோவையில் இருந்து பம்ப்செட், துணி. பொள்ளாச்சியில் இருந்து கயிறு. இந்தப் பக்கம் கஞ்சிக்கோட்டில் இருந்து இரும்புக் கம்பி. எல்லாம் வாளையார், வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாகக் கேரள எல்லையைத் தாண்டிப் போய் வருகிற வண்டிகள். ஆபீஸில் பில் போட்டதும் என் சர்வர் அதை ஓர் இடைநிலைச் சேவைக்கு அனுப்பும். அவர்கள் இ-வே பில் (சரக்கை எடுத்துச் செல்ல ஜிஎஸ்டியில் வேண்டிய மின்னணுச் சீட்டு) எண்ணை வாங்கித் தருவார்கள். எண் டிரைவரின் போனுக்குப் போகும். இவ்வளவுதான் வேலை. (காய்கறி வண்டிகளுக்கு இ-வே பில் தேவையில்லை என்பதால் அவை இந்தக் கணக்கில் இல்லை.)

அந்தச் சேவையின் ஏபிஐயில் (என் சர்வர் அவர்கள் சர்வரிடம் வேலை கேட்கும் வழி) ஒரு கீக்கு (கேட்பது யார் என்று காட்டும் ரகசியக் குறியீடு) நிமிடத்துக்கு 60 ரெக்வெஸ்ட் என்று வரம்பு. எனக்கு ஒரு நாளைக்குச் சுமார் 300 பில்தான். கணக்குப்படி ஐந்து நிமிட வேலை. ஆனாலும் தினமும் மாலை ஆறிலிருந்து எட்டு வரை 429, அதாவது "வரம்பைத் தாண்டிக் கேட்கிறீர்கள்" என்ற மறுப்பு, வருகிறது. வந்தால் ஒரு விநாடி பொறுத்து மறுபடி அனுப்பு, ஐந்து முறை வரை முயற்சி செய் என்று எழுதிவைத்தேன். அதன் பிறகு நிலைமை இன்னும் மோசம். இரண்டு முறை கீயையே 15 நிமிடம் நிறுத்திவிட்டார்கள். நேற்று மூன்று வண்டி லோடு ஏற்றி, தார்ப்பாய் கட்டி, எண் வராமல் யார்டிலேயே முக்கால் மணி நேரம் நின்றது. டிரைவர்கள் என்னிடம் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

எங்கே தவறு செய்கிறேன்?

நகரித்தறி · திங்கள், இரவு 10.05

நான் நகரியில் விசைத்தறிக்காரர்களுக்கு ஸ்டாக் ஆப் வைத்திருக்கிறேன். எனக்கும் இது வந்தது. மூன்று நான்கு கீ வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் 429 வந்தால் அடுத்த கீக்கு மாறிவிட வேண்டும். அரை நாள் வேலை, முடிந்துவிடும்.

தடா சர்வர் · திங்கள், இரவு 10.50

நகரித்தறி, கோபித்துக்கொள்ளாதீர்கள், அதைச் செய்ய வேண்டாம். நான் வரம்பு வைக்கிற பக்கத்தில் வேலை பார்ப்பவன். தடாவில் இருந்து ஸ்ரீசிட்டிக்கு தினமும் போய் வருகிறேன். கீ நான்காக இருந்தாலும் ஐபி (சர்வரின் இணைய முகவரி) ஒன்றுதான், கணக்கு ஒன்றுதான், கேட்கிற பாணியும் ஒன்றுதான். ஒரு வாரத்தில் கண்ணில் பட்டுவிடும். அப்போது 15 நிமிடம் நிறுத்த மாட்டார்கள், கணக்கையே மூடுவார்கள். 11 ஆபீஸும் அன்று மாலை என்ன செய்யும்?

வரம்பு எதற்காக என்பதையும் சொல்லிவிடுகிறேன். பின்னால் ஒரு டேட்டாபேஸ் இருக்கிறது. அதற்கு ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் பதில் சொல்ல முடியும். ஒருவர் மட்டும் மிக வேகமாகக் கேட்டால் மற்ற நூறு பேருக்கும் பதில் தாமதமாகும். யூபிஐயிலேயே பாருங்கள்: 2025 ஆகஸ்ட் 1 முதல் ஓர் ஆப்பில் ஒரு நாளைக்கு 50 முறைக்கு மேல் பேலன்ஸ் பார்க்க முடியாது. பணம் அனுப்புகிறவருக்கு இடம் வேண்டும் என்றால் சும்மா எட்டிப் பார்க்கிறவர் கொஞ்சம் குறைய வேண்டும்.

அப்புறம், "நிமிடத்துக்கு 60" என்றால் எப்படி எண்ணுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிலர் கடிகார நிமிடப்படி எண்ணுவார்கள். 6.00.59க்கு 60, 6.01.00க்கு 60 என்று இரண்டு விநாடியில் 120 போனாலும் அது ஏற்றுக்கொள்ளும். சிலர் கடைசி 60 விநாடியை நகர்த்தி நகர்த்தி எண்ணுவார்கள். நிறைய இடங்களில் இருப்பது டோக்கன் வாளி. வாளியில் சில டோக்கன்கள் இருக்கும், ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டும் ஒன்றை எடுத்துக்கொள்ளும், விநாடிக்கு ஒன்று என்று மறுபடி நிரம்பும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் வாளி நிறைந்திருக்கும், அதனால் ஒரு சிறு அவசரத்தைத் தாங்கும். தொடர்ந்து எடுத்துக்கொண்டே இருந்தால் விநாடிக்கு ஒன்றுதான், அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடைக்காது. உங்களுடையது எந்த வகை என்பதைப் பொறுத்துதான் உங்கள் பக்கக் கணக்கும்.

வாளையார்55 · செவ்வாய், காலை 6.20

தம்பி, எனக்கு ஒரு விஷயம் இடிக்கிறது. நாளுக்கு 300 பில். மாலை இரண்டு மணி நேரத்தில் 200 என்றே வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு இரண்டுகூட வராது. அப்படியிருக்க அறுபது எப்படி நிரம்புகிறது? மருந்து தேடும் முன்னால் எண்ணிப் பாருங்கள். வெளியே போகும் ஒவ்வொரு அழைப்பையும் எதற்காகப் போகிறது, யாருக்காகப் போகிறது, என்ன பதில் வந்தது என்ற மூன்று பத்தியோடு லாகில் (சர்வரின் பதிவேட்டில்) எழுதுங்கள். ஒரு மாலை நேரம் போதும்.

வேலந்தாவளம்காரன் · புதன், காலை 7.15

எண்ணிவிட்டேன் அண்ணா. நேற்று மாலை 6 முதல் 7 வரை:

பில் உருவாக்கம் 94. வண்டி எண் சரிபார்ப்பு 86. மறுமுயற்சிகள் 930. "எண் வந்துவிட்டதா" என்று நிலை கேட்டது 4,370.

மொத்தம் 5,480. அதில் உண்மையான வேலை 180. இரவு வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடப்பது இதுதான். டிரைவரின் போனில் பில் திரை திறந்திருந்தால் ஐந்து விநாடிக்கு ஒரு முறை என் சர்வரைக் கேட்கும். என் சர்வர் அதை அப்படியே வெளிச் சேவைக்கு அனுப்பிவிடுகிறது. ஒரு போனுக்கு நிமிடத்துக்கு 12. ஐந்து பேர் திரையைத் திறந்து வைத்தாலே அறுபது முடிந்தது, ஒரு பில்கூடப் போகாமலே. ஆறு மணிக்கு யார்டில் ஐந்தாறு டிரைவர்கள் எண்ணுக்காகத் திரையைப் பார்த்தபடிதான் நிற்பார்கள். எண் தாமதமாக ஆக, இன்னும் அதிகம் பேர் திறந்து வைப்பார்கள். அதனால் இன்னும் தாமதம்.

தடா சர்வர் · புதன், காலை 7.40

இதைவிடத் தெளிவாக ஒரு லாக் பார்த்ததில்லை. அந்தச் சேவையில் வெப்ஹூக் இருக்கிறதா? எண் தயாரானதும் அவர்களே உங்கள் சர்வரைக் கூப்பிட்டுச் சொல்லும் வசதி. இருந்தால் அந்த 4,370 மொத்தமும் போய்விடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெப்ஹூக் சில நேரம் இரண்டு முறை வரும், சில நேரம் வராமலே போகும். இரண்டு முறை வந்தால் இரண்டாவதை விட்டுவிட வேண்டும். வராதவற்றுக்காகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பாக்கி இருப்பதை மட்டும் கேட்டுச் சரிபாருங்கள்.

வெப்ஹூக் இல்லாவிட்டாலும் போன்களின் கேள்வி அப்படியே வெளியே போகக் கூடாது. சர்வர் ஒரு பில்லுக்கு 20 விநாடிக்கு ஒரு முறை கேட்டு உங்கள் டேட்டாபேஸ் டேபிளில் எழுதட்டும். எத்தனை போன் கேட்டாலும் பதில் அந்த டேபிளில் இருந்துதான். ஒரே பில்லை அனுப்பியவர், டிரைவர், வாங்குபவர் என மூன்று பேர் பார்ப்பார்கள் இல்லையா? இப்போது அது மூன்று அழைப்பு. அது ஒன்றாக வேண்டும்.

குமுளி மேடு · புதன், மதியம் 1.30

நான் அந்த 930ஐப் பற்றிப் பேசுகிறேன் தம்பி. அதில் பட்ட அனுபவம் எனக்கு உண்டு.

கம்பம், கோம்பை, உத்தமபாளையம் பக்கமிருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குக் காலையில் ஜீப்பில் வேலைக்குப் போகிறவர்களுக்கு வருகைப்பதிவு ஆப் ஒன்று பார்த்துக்கொள்கிறேன். ஜீப் புறப்படும்போது மேஸ்திரி போனில் பெயர்களைப் பதிவார். கம்பம்மெட்டு ஏற்றத்திலும், லோயர் கேம்ப்பில் இருந்து குமுளி ஏறும் வழியிலும் பல வளைவுகளில் சிக்னல் இருக்காது. போன் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். மேலே ஏறி சிக்னல் கிடைத்ததும் முப்பது ஜீப்பின் போன்களும் ஒரே சமயத்தில் கொட்டும். 429 வரும். எல்லாப் போனும் ஒரு விநாடி பொறுக்கும். அப்புறம் எல்லாப் போனும் மறுபடி ஒரே நொடியில் கொட்டும். காத்திருந்தும் கூட்டம் கலையவில்லை. அப்படியே சேர்ந்து நகர்ந்தது, அவ்வளவுதான்.

நான் செய்தது: முதல் தோல்விக்கு 1 விநாடி, அடுத்து 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் 60இல் நிறுத்து. ஆனால் அந்த எண்ணை அப்படியே காத்திருக்காதே. 8 என்றால் 0க்கும் 8க்கும் நடுவே ஏதாவது ஓர் எண்ணைக் குலுக்கி எடு, அத்தனை விநாடி மட்டும் பொறு. ஜிட்டர் என்பார்கள். இரட்டிப்பதைவிட இந்தக் குலுக்கல்தான் எனக்கு அதிகம் உதவியது. இரட்டித்தால் கூட்டம் தள்ளிப்போகும், குலுக்கினால்தான் பிரியும்.

429 பதிலோடு ரீட்ரை-ஆஃப்டர் என்ற ஹெடர் (எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று பதிலின் தலைப்பில் வரும் குறிப்பு) வந்தால் உன் கணக்கை விட்டுவிட்டு அதற்குக் கட்டுப்படு. அதில் ஒரு குழி இருக்கிறது. அது விநாடி எண்ணாகவும் வரலாம், முழுத் தேதி நேரமாகவும் வரலாம், தரநிலையில் இரண்டும் உண்டு. என் புரோகிராம் அதை எண் என்று மட்டும் நினைத்துப் படித்தது. ஒரு நாள் தேதி வந்தது, படிக்க முடியவில்லை, பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. பூஜ்யம் விநாடி காத்திருந்து, அதாவது காத்திருக்காமலே, விடிய விடிய அடித்திருக்கிறது. படிக்க முடியாத நிலையில் என்ன செய்ய வேண்டும் என்பதை நீயே எழுதிவை. பூஜ்யத்துக்கு விடாதே.

செங்கோட்டை ரயில் · புதன், மாலை 4.10

மறுமுயற்சி என்றதும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 429 வந்தால் உங்கள் வேலை அங்கே நடக்கவில்லை என்று அர்த்தம், மறுபடி அனுப்பலாம். பதிலே வராமல் டைம்அவுட் ஆனால் அப்படி அல்ல. வேலை நடந்தும் இருக்கலாம்.

ஆரியங்காவு வழியாகப் புனலூர் போன ஒரு சிமென்ட் லோடுக்கு என் ஆப் இரண்டு இ-வே பில் போட்டுவிட்டது. முதல் ரெக்வெஸ்ட் டைம்அவுட், நான் இரண்டாவது அனுப்பினேன், இரண்டும் பதிவாகிவிட்டன. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம்தான். ஆனால் வழியில் அதிகாரி சரிபார்த்துவிட்டால் ரத்து செய்ய முடியாது. டிரைவர் எந்தத் தாளைக் காட்டுவார்? நல்லவேளை, வண்டி மலை ஏறும் முன்பே கவனித்து ஒன்றை ரத்து செய்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பில்லுக்கும் அனுப்பும் முன்பே எங்கள் பக்கம் ஓர் எண் கொடுத்துவிடுகிறோம். டைம்அவுட் ஆனால் மறுபடி உருவாக்கச் சொல்வதில்லை. "இந்த இன்வாய்ஸ் எண்ணுக்கு ஏதாவது இருக்கிறதா" என்றுதான் முதலில் கேட்போம். இல்லை என்று பதில் வந்தால்தான் அடுத்தது.

வேலந்தாவளம்காரன் · வெள்ளி, இரவு 11.00

எல்லோருக்கும் நன்றி. வெப்ஹூக் இருந்தது. ஆவணத்தில் கடைசிப் பக்கத்தில் இருந்ததை நான் படிக்கவே இல்லை. வைத்துவிட்டேன். குலுக்கலும் போட்டேன். இன்று மாலை 6 முதல் 7 வரை வெளியே போனது 240 அழைப்பு. 429 நான்கே நான்கு.

அந்த நான்கும் 6.20க்கு வந்தவை. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பி ஆபீஸ் 80 பில்லை மொத்தமாக ஏற்றியது. என்னிடம் நான்கு வொர்க்கர் (பில்களை வெளியே அனுப்பும் புரோகிராமின் பிரதிகள்) ஓடுகின்றன, ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணிக்கொள்கிறது. அந்த 80உம் போய் முடிகிற வரை, ஒரே ஒரு வண்டி வைத்திருக்கிற ஒருவரின் பில் பின்னால் நின்றது. ஒன்றரை நிமிடம்தான். இருந்தாலும் அவர் லோடு ஏற்றி வண்டியைக் கிளப்பி நிற்கிறார், அந்த 80 பில்லும் மறுநாள் காலை வண்டிகளுக்கு.

தடா சர்வர் · சனி, காலை 8.30

வொர்க்கர் தனித்தனியாக எண்ணினால் ஒவ்வொன்றும் "நான் 60க்குள்தான் இருக்கிறேன்" என்று நினைக்கும். வாளி ஒன்றுதான் இருக்க வேண்டும், எல்லா வொர்க்கரும் அதில் இருந்தே எடுக்க வேண்டும். ரெடிஸில் (எல்லா வொர்க்கரும் பகிர்ந்துகொள்ளக்கூடிய வேகமான டேட்டாபேஸ்) வைக்கலாம். "எவ்வளவு இருக்கிறது" என்று பார்ப்பதும் "ஒன்று குறை" என்பதும் ஒரே அடியில் நடக்க வேண்டும். இரண்டாகப் பிரித்தால் நடுவில் இன்னொரு வொர்க்கர் புகுந்துவிடும். ரெடிஸுக்குள்ளேயே ஓடும் சின்ன லுவா ஸ்கிரிப்ட் போதும். வாளியை 60க்கு வைக்காமல் 50க்கு வையுங்கள். அவர்கள் கடிகாரமும் உங்கள் கடிகாரமும் ஒன்றல்ல.

வாளையார்55 · சனி, காலை 9.45

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த ஒற்றை வண்டிக்காரர் விஷயத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால், 2017 ஜூலைக்கு முன், வாளையார் செக்போஸ்ட் வரிசையில் நின்றிருக்கிறேன். அப்போது நான் புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா. கோடு எழுதக் கற்றதெல்லாம் பின்னால்தான். பெரிய கம்பெனியின் பத்து வண்டி முன்னால் நின்றால், பின்னால் ஒரே வண்டியில் அழுகும் சரக்கோடு நிற்கிறவருக்கும் அதே வரிசைதான். சரக்கு என்ன, அவசரம் என்ன என்று யாரும் கேட்டதில்லை. நம் கையில் இருப்பது சாப்ட்வேர் தம்பி. நாம் கேட்கலாம்.

ஆபீஸுக்கு ஒரு வரிசை வையுங்கள். சுற்றுக்கு ஒவ்வொரு வரிசையில் இருந்தும் ஒன்று எடுங்கள். 80 வைத்திருப்பவருக்கும் ஒன்று, ஒன்று வைத்திருப்பவருக்கும் ஒன்று. கம்பி ஆபீஸுக்கு நஷ்டம் அதிகமில்லை, மற்றவர்கள் வரிசை காலியானதும் மீதி முழுதும் அவர்களுக்குத்தான். அதற்கு மேலே அவசரம் என்று ஒரு படி: லோடு ஏற்றி முடிந்து வண்டி நிற்கிறது என்றால் முதலில். நாளை வண்டி என்றால் அப்புறம். ரிப்போர்ட், பழைய பில் சரிபார்ப்பு எல்லாம் இரவு பத்துக்கு மேல். அவசரம் என்ற பொத்தானை எல்லோரும் எப்போதும் அழுத்துவார்கள் என்பதால் அதைப் பொத்தானாக வைக்காதீர்கள். வண்டி புறப்படும் நேரத்தைப் பில்லிலேயே கேளுங்கள், அதில் இருந்து நீங்கள் கணக்கிடுங்கள்.

நகரித்தறி · சனி, மதியம் 12.20

தடா அண்ணன் சொன்ன பிறகு என் லாகையும் எண்ணினேன். கீ மூன்று வைத்திருந்தேன், இப்போது ஒன்றுதான். அது போதுமானதாக இருக்கிறது. என் அழைப்புகளில் பெரும்பகுதி ஊர்ப் பெயரைக் கொடுத்து வரைபட இடம் கேட்பது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது நாமினாட்டிம் சேவை விநாடிக்கு ஒரு ரெக்வெஸ்ட்டுக்கு மேல் கூடாது என்றும், கிடைத்த பதிலைச் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் விதியாகவே சொல்கிறது. நான் புத்தூர், திருத்தணி, ஏகாம்பரகுப்பம் என்று அதே இருபது ஊர்களைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஊர் இடம் மாறுவதில்லை. ஒரு டேபிளில் எழுதி வைத்துவிட்டேன். தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் ஒரே ஊரை மூன்று விதமாக எழுதுவதால் எல்லா எழுத்துக்கூட்டலும் ஒரே வரிக்கு வரும்படி செய்ய வேண்டியிருந்தது. எல்லைப் பக்கம் இருப்பவர்கள் இதை மறக்காதீர்கள்.

கிட்ஹப் (புரோகிராம்களைச் சேமித்து வைக்கும் தளம்) போன்ற சேவைகள் வரம்பு எப்போது புதுப்பிக்கப்படும் என்பதை 1970இல் இருந்து எண்ணிய விநாடியாக, யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் தருகின்றன. நான் அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிவிட்டேன். வரம்பு திறந்த பிறகும் என் ஆப் ஐந்தரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது. அந்த எண்ணுக்கு ஊர் நேரம் கிடையாது, எதையும் கூட்டக் கூடாது. திரையில் காட்டும்போது மட்டும் நம் நேரத்துக்கு மாற்றினால் போதும்.

வேலந்தாவளம்காரன் · செவ்வாய், இரவு 9.10

வாளையார் அண்ணா சொன்னபடி ஆபீஸ்வாரியாக வரிசை, புறப்படும் நேரப்படி முன்னுரிமை, எல்லா வொர்க்கருக்கும் ஒரே வாளி. மூன்றும் நேற்று ஏறிவிட்டன. இரண்டு மாலையாக 429 ஒன்றுகூட இல்லை. கம்பி ஆபீஸ் இன்றும் 80 பில் ஏற்றியது. நடுவில் வந்த ஒற்றை வண்டிக்காரருக்கு ஏழு விநாடியில் எண் கிடைத்தது.

திரையையும் மாற்றினேன். முன்பு வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும், என்ன நடக்கிறது என்று தெரியாமல் டிரைவர் திரும்பத் திரும்ப அழுத்துவார். இப்போது "உங்கள் பில் வரிசையில் 4ஆவது, சுமார் 5 விநாடி" என்று தமிழிலும் மலையாளத்திலும் வருகிறது. இன்று மாலை யார்டில் போய் நின்று பார்த்தேன். ஒருவரும் இரண்டாம் முறை அழுத்தவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

குமுளி மேடு · செவ்வாய், இரவு 9.35

ரொம்ப சந்தோஷம் தம்பி. ஒன்று கேட்கிறேன். ஆப்பை அப்டேட் செய்யாத பழைய போன்கள் இன்னும் ஐந்து விநாடிக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டுதானே இருக்கும்? எங்கள் மேஸ்திரிகளில் பாதிப் பேர் அப்டேட் செய்வதே இல்லை.

வேலந்தாவளம்காரன் · செவ்வாய், இரவு 10.00

ஆமாம் அக்கா, இன்னும் 23 போன்கள் அப்படி இருக்கின்றன. அவை கேட்பது என் சர்வரோடு நின்றுவிடுகிறது, டேபிளில் இருந்து பதில் போகிறது, வெளியே போவதில்லை. என் சர்வரிலும் போனுக்கு நிமிடத்துக்கு 15 என்று ஒரு வரம்பு வைத்தேன். என் சர்வரின் வாசலில் இருக்கும் என்ஜின்எக்ஸ் மென்பொருளில் அந்த வரம்பைத் தாண்டினால் தானாக 503 (சேவை இப்போது கிடைக்காது) தான் போகும், 429 என்று மாற்றி எழுதினேன். பழைய ஆப்புக்கு ரீட்ரை-ஆஃப்டர் படிக்கத் தெரியாது, அதனால் வரம்பை 12க்குக் கீழே இறக்கவில்லை. இறக்கினால் அந்த 23 பேருக்கும் திரை காலியாகிவிடும். சனிக்கிழமை யார்டுக்குப் போய் ஒவ்வொரு போனாக வாங்கி அப்டேட் செய்து கொடுக்கப் போகிறேன்.